வழுதாவூர்க் கடல்

பனமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஜுராசிக் காலத்துக் கடல் உயிர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு அதைப் பேசுவதற்கு ஒரு தடை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. இராஜசிம்ம பல்லவன் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டிய இந்தப் பாறையிலும் கிடைக்காது, செஞ்சிக் கோட்டையின் இராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிடைக்காது. இந்த வட்டாரத்துக் கருங்கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகியும் இறுகியும் உருவான பாறை இது. அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடமும் தங்காது. அது உருவான நாளில் ஓடுள்ள உயிர், முள்ளுள்ள மீன், இலையுள்ள செடி எதுவும் உலகில் தோன்றியிருக்கவுமில்லை.

அப்படியானால் இங்கே எதற்காக இந்தப் பேச்சு? இந்த மலைகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து உதிர்த்த மணலும் சேறும்தான் கிழக்கே ஒரு கடலின் அடியில் போய்ப் படிந்து, அங்கே செத்து விழுந்த உயிர்களை மூடிப் பாதுகாத்தன. அந்தக் கடலின் தரை இன்றைக்கு நம் விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வழுதாவூர்ப் பக்கத்து வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. உலகத்து நிலவியல் நூல்களில் பேர் போன இடம் அது. நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஜுராசிக் காலத்துக்குப் போவோம். இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி பதினான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஜுரா என்றொரு மலைத்தொடர் உண்டு. அங்குள்ள சுண்ணாம்புக்கல் அடுக்குகளை 1795-இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் தனியே பிரித்துக் காட்டினார். மலையின் பெயரே காலத்தின் பெயராகிவிட்டது. திரைப்படம் வந்த பிறகு ஜுராசிக் என்றால் டைனோசர் என்றே எல்லோரும் நினைக்கிறோம். நிலவியல்காரர்களுக்கு அது முதலில் ஒரு கடலின் காலம். அந்தக் கடலின் அடையாளம் அம்மோனைட்.

அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த உயிர். பார்த்தால் பெரிய நத்தை என்று தோன்றும், ஆனால் நத்தைக் குடும்பம் இல்லை. மீன் சந்தையில் நீங்கள் வாங்கும் கணவாயின் பங்காளி அது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று வெள்ளையாக, எடையே இல்லாத ஒன்றைத் தருகிறார்களே, அது கணவாயின் உள்ளோடு. அதை உடைத்துப் பார்த்தால் மெல்லிய அறைகள் தெரியும். அந்த அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மிதக்கிறது. அம்மோனைட்டும் இதே வேலையைத்தான் செய்தது. வளர வளர ஓட்டின் பின்பகுதியில் ஒரு சுவர் எழுப்பி அறையை அடைத்துவிட்டு, முன்னால் புது அறைக்குக் குடிபெயரும். அடைத்த அறைகளின் ஊடே ஒரு மெல்லிய குழாய் ஓடும். அந்தக் குழாய் வழியே நீரை உறிஞ்சி வெளியேற்றினால் ஓடு இலேசாகும். கடைசி அறையில்தான் உடல் இருந்தது, கைகள் அங்கிருந்து வெளியே நீண்டன. ஒவ்வொரு சுவரும் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு நெளிகோடு விழும். இலையின் ஓரம்போல் மடிந்து மடிந்து போகும் அந்தக் கோட்டை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள்.

இந்த உயிர்கள் வேகமாக மாறின, வேகமாகப் பரவின. ஓர் இனம் தோன்றி, கடல் முழுக்கப் பரவி, சில இலட்சம் ஆண்டுகளில் அழிந்து, இன்னொன்றுக்கு இடம் விட்டது. அதனால் எந்த அம்மோனைட் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பாறையின் வயது கையில் வந்துவிடும். இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நிலம் அளந்துகொண்டிருந்த வில்லியம் ஸ்மித் இதைக் கண்டுகொண்டார். எந்த அடுக்கில் எந்தப் புதைபடிவம் என்பது ஊருக்கு ஊர் ஒரே வரிசையில்தான் வருகிறது என்பதைக் கவனித்து, 1815-இல் ஒரு நாட்டுக்கே நிலவியல் வரைபடம் போட்டார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. வெட்டிய பள்ளத்தை உற்றுப் பார்த்தவர். நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்களும் அதே பள்ளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, ஜுராசிக் கடல் நம் நாட்டுக்கு வந்ததா? தமிழ்நாட்டுக்கு வரவில்லை. வரவும் முடியாது. அன்றைக்கு நம் கிழக்குக் கரை என்று ஒன்று கிடையாது. வங்கக் கடலும் கிடையாது. இப்போது புதுச்சேரி இருக்கும் இடத்துக்கு அப்பால் அண்டார்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாம் சேர்ந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தின் நடுப்பகுதியில் இருந்தது இந்தப் பனமலை. கடலுக்கு வெகு தூரம்.

பெருநிலத்தின் வடக்கு விளிம்பில் டெத்திஸ் என்ற கடல் இருந்தது. இந்தியா பிறகு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது அந்தக் கடலின் தரை மடிந்து எழுந்து இமயமலையின் பகுதி ஆயிற்று. அதனால்தான் இமாசலத்தின் ஸ்பிதியிலும் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் ஜுராசிக் கடலின் கருஞ்சேறு கல்லாகி நிற்கிறது. காளி கண்டகியில் அந்தக் கருங்களிப் பாறை கரையும்போது உருண்டைக் கற்கள் ஆற்றில் விழுகின்றன. உடைத்தால் உள்ளே சக்கரம். அதுதான் சாளக்கிராமம். முக்திநாத் என்று நாம் சொல்லும் திவ்விய தேசம் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய தலம். ஆக, ஜுராசிக் கடல் தமிழ்நாட்டுக்கு வராமல் போனாலும் அந்தக் கடலின் அம்மோனைட் பல நூற்றாண்டுகளாகத் தமிழ் வீடுகளின் பூஜை அறைகளில் இருக்கிறது. அது திருமாலின் வடிவம் என்று வணங்குவதற்கும், பதினைந்து பதினாறு கோடி ஆண்டுகளுக்கு முன் நீந்திய உயிர் என்று அறிவதற்கும் நடுவே எந்தப் பகையும் இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வணங்குகிறவர்கள்தான் அந்தக் கல்லை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இந்தியாவில் ஜுராசிக் கடலைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டுமானால் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போக வேண்டும். ஆப்பிரிக்கா ஒரு பக்கமும் இந்தியாவும் மடகாஸ்கரும் மறுபக்கமுமாகப் பிரியத் தொடங்கியபோது, சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தப் பிளவுக்குள் கடல் நுழைந்தது. பச்சம், சாரி, கட்ரோல், உமியா என்று நான்கு பெரிய அடுக்குத் தொகுதிகள் அங்கே உண்டு. சாரியின் உச்சியில் தோசா ஊலைட் என்ற ஒரு படிவு அம்மோனைட்டுகளால் நிரம்பிக் கிடக்கிறது. 2017-இல் லோடாய் என்ற ஊர் அருகே ஐந்தரை மீட்டர் நீளமுள்ள இக்தியோசாரின் எலும்புக்கூட்டைக் கண்டதாக ஆய்வறிக்கை வந்தது. இக்தியோசார் மீன் மாதிரி உடலமைப்புக் கொண்ட கடல் ஊர்வன. இந்தியாவில் கிடைத்த முதல் ஜுராசிக் இக்தியோசார் அதுதான்.

அந்தக் கட்ச் மண்ணில் 1871, 72-ஆம் ஆண்டுகளில் அலைந்து அம்மோனைட்டுகளைத் திரட்டியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அவர் சேர்த்தவற்றை வில்ஹெல்ம் வாகன் என்பவர் ஆராய்ந்து நூலாக்கினார். ஸ்டோலிச்காவின் பெயரை நினைவில் வையுங்கள். இன்றைய செக் நாட்டுப் பகுதியான மொராவியாவில் பிறந்து, 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த இளைஞர். நம் தமிழ்நாட்டுக் கடல் படிவங்களைப் பற்றி அவர் எழுதி 1873-இல் முடித்த பெருநூல் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடுத்த ஆண்டே இலடாக்கில், முப்பத்தாறு வயதில், மலைப் பயணத்தின் நடுவே இறந்துபோனார். லே நகரில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

இனி நம் கடலுக்கு வருவோம். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே நிலம் விரிசல் கண்டது. இன்றைய காவிரிப் படுகைப் பகுதி பிளவுகளால் துண்டு துண்டாகக் கீழே இறங்கியது. பள்ளத்தில் முதலில் ஆறுகள் மண்ணைக் கொட்டின. பெரம்பலூர்ப் பக்கம் தெரணியில் வெட்டி எடுக்கிறார்களே வெண்களிமண், அதில் அந்தக் காலத்து இலைகளின் அச்சுகள் கிடைக்கின்றன. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் படிவுகளிலும் இதே வகைச் செடிகள். பல காலம் அவற்றை ஜுராசிக் என்றே எழுதிவந்தார்கள். இப்போது அடுத்த காலமான கிரிட்டேசியசின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். ஜுராசிக்கை நாம் தமிழ்நாட்டில் மிக நெருங்கிப் பார்ப்பது அந்த இலைகளில்தான்.

அதன் பின்னால் கடல் வந்தது. பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஏறிய கடல் கிட்டத்தட்ட ஐந்து கோடி ஆண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எச்.எஃப். பிளான்ஃபோர்ட் அந்த நிலத்தை அளந்து 1862-இல் வெளியிட்ட அறிக்கையில் அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். மேற்கே ஊட்டத்தூர், நடுவே திருச்சிராப்பள்ளி, கிழக்கே அரியலூர். அடுக்குகள் கிழக்கு நோக்கி இலேசாகச் சரிந்திருப்பதால், ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே நடக்க நடக்க ஒவ்வொரு ஊரும் முந்தைய ஊரைவிட இளமையான கடல் தரையில் இருக்கும். காரை என்ற ஊரில் மழை அரித்த பள்ளங்களில் ஜிப்சம் தகடுகள் மின்னும். பெலம்னைட் என்ற கணவாய் உறவினத்தின் கூரிய உள்ளோடுகள் காலடியில் சிதறிக் கிடக்கும். கருடமங்கலத்தில் கிளிஞ்சல்கள் செறிந்த ஒரு சுண்ணாம்புக்கல் உண்டு. திருச்சி மார்பிள் என்ற பெயரில் அதை மெருகேற்றி மேசைப் பலகைகள் செய்தார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு போய்க் கடலில் மூழ்கி, கடல் சேற்றில் கல்லானது. டால்மியாபுரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடம் ஒரு பவளத் திட்டு. உங்கள் வீட்டுச் சுவரில் அரியலூர் சிமென்ட் இருந்தால் அந்தக் கடலின் சிப்பியும் பவளமும் சுவருக்குள் இருக்கின்றன.

அரியலூரைப் பற்றி நாளேடுகளில் எழுதுகிறார்கள், வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஆகவே அதோடு விடுகிறேன். நம் வழுதாவூரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நம் சங்கராபரணி ஆறு இருக்கிறதே, செஞ்சி மலைகளில் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியே புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்த ஆற்றுக்கு வடக்கே, கருங்கல் நிலம் முடியும் இடத்தில், ஒரு சின்னப் பட்டையாகக் கிரிட்டேசியஸ் கடலின் அடுக்குகள் வெளியே தெரிகின்றன. வழுதாவூர், இராவுத்தன்குப்பம், துத்திப்பட்டு, சேதராப்பட்டு. நீங்கள் பேருந்தில் கடக்கும் ஊர்கள்தான். பெரிய பாறை எதுவும் கண்ணில் படாது. ஓடைக் கரையிலும், கிணற்று மண்ணிலும், உழுத வயலிலும்தான் அந்தக் கடல் வெளிப்படும்.

1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து அதிகாரிகளான கே, கன்லிஃப் என்ற இருவர் இந்த ஊர்களிலும் விருத்தாசலம், திருச்சிப் பக்கத்திலும் புதைபடிவங்களைச் சேகரித்து இலண்டன் நிலவியல் கழகத்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அறிவியல் அதுவரை அறியாத இனங்கள் அதில் ஏராளம். புதுச்சேரிப் பக்கத்து அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா, வருணா, சூர்யா. பின்னால் ஆஸ்திரிய அறிஞர் கோஸ்மாட் அவற்றில் ஒரு கூட்டத்துக்குப் பிரமைட்டஸ் என்றே பேரினப் பெயர் கொடுத்தார்.

பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஃபோர்ப்ஸ் விஷ்ணு என்று பெயரிட்ட அம்மோனைட்டை ஸ்பெயினின் பிஸ்கே விரிகுடாக் கரைப் பாறையில் கண்டார்கள். இந்திராவைக் கனடாவின் மேற்குக் கரையிலும் தென்னாப்பிரிக்காவிலும் கண்டார்கள். வருணா அண்டார்டிகாவில் கிடைத்தது. எங்கே கிடைத்தாலும் அது சரியான இனம்தானா என்று முடிவு செய்ய, புதுச்சேரிப் பக்கத்து மண்ணிலிருந்து போன அந்த முதல் மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும். இனத்துக்குப் பெயர் கொடுத்த முதல் மாதிரி எதுவோ அதுவே அளவுகோல் என்பது உயிரியலின் விதி. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் எப்படி இணைந்திருந்தன என்பதைப் படிக்கிற எவரும் இந்த ஊர்களின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. பாகுலைட் என்றொரு வகையும் இங்கே கிடைத்தது. சுருளாமல் கோல்போல் நேராக வளர்ந்த அம்மோனைட் அது. ஃபோர்ப்ஸ் விவரித்த ஒரு பாகுலைட் இனத்துக்குப் பிறந்த இடமும் இந்தப் பகுதிதான்.

அப்புறம் எல்லாம் முடிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் கரையில் ஒரு விண்கல் விழுந்தது. அதையொட்டி நடந்த பேரழிவில் அம்மோனைட் குலம் முற்றாக அழிந்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலை ஆண்ட குலம். அதன் உறவான நாட்டிலஸ் எப்படியோ தப்பி இன்றும் பசிபிக்கில் நீந்துகிறது. வழுதாவூர் அடுக்குகளுக்கு மேலே, புதுச்சேரிப் பக்கம் நகர்ந்தால், அழிவுக்குப் பிந்திய கடலின் அடுக்குகளும் இருக்கின்றன. அவற்றில் ஓர் அம்மோனைட்கூட இல்லை. உலகத்தில் சில இடங்களில் மட்டுமே இப்படி அழிவுக்கு முன்னும் பின்னுமான கடல் அடுக்குகளை அடுத்தடுத்துக் காண முடியும்.

திருவக்கரைக் கல்மரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை இந்தக் கதையில் கடைசி அத்தியாயம். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் விலகிய பிறகு, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரமாகவே கிடப்பதிலிருந்து அவை அங்கே வளர்ந்தவையல்ல என்பது தெரிகிறது. பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1781-இல் அவற்றைப் பற்றி எழுதினார். தேசிய நிலவியல் நினைவிடமாக அறிவித்து வேலி போட்டிருக்கிறார்கள். நல்லது. அந்த வேலி வழுதாவூருக்கு இல்லை.

இதுதான் எனக்கு வருத்தம். சேதராப்பட்டு இன்றைக்குத் தொழிற்பேட்டை. வேலை தருகிற இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடித்தளம் தோண்டும்போது வெளியே வந்த மண்ணை ஒருவர் கூர்ந்து பார்த்து, நாலு கூடை எடுத்து வைத்திருக்கலாம். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. 1987-இல் அதற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு ஆய்வுக் கட்டுரை வந்தது. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருக்கக்கூடும் என்று பேசினார்கள். அந்த எலும்புகள் இப்போது இல்லை. மழை ஈரத்தில் நொறுங்கிப் போயின. படங்கள் மட்டும் மிஞ்சின. உலகமே அந்தப் படங்களை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறது. 2020-இல் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று செய்தி பரவி ஊரே திரண்டது. வந்து பார்த்த ஆய்வாளர்கள் அவை கடலடிச் சேறு திரண்டு இறுகிய கற்கள் என்றார்கள். மக்களுக்கு ஆவல் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆவல் நிறைய இருக்கிறது. கையில் இருப்பது என்னவென்று சொல்லித்தர உள்ளூரில் ஆள் இல்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். இனி நிறையப் பேர் இந்தப் பக்கம் வருவார்கள். கோட்டையைப் பார்த்தவர்கள் பனமலைக் கோயிலுக்கு வந்து உமையின் ஓவியத்தைப் பார்ப்பார்கள். அப்படியே ஆற்றோடு கிழக்கே போனால் திருவக்கரை, அதற்கப்பால் வழுதாவூர். 250 கோடி ஆண்டுக் கருங்கல், ஏழு கோடி ஆண்டுக் கடல், இரண்டு கோடி ஆண்டு மரம், 1300 ஆண்டுக் கோயில், எல்லாம் ஒரே நாள் பயணத்துக்குள் வரும் இன்னொரு மாவட்டம் எனக்குத் தெரிந்து தமிழகத்தில் இல்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். கிழக்குப் பக்கத்து ஊர்களில் உறவுக்காரர்கள் இருந்தால், கிணறோ ஆழ்குழாயோ போடும்போது வித்தியாசமான கல் வந்தால் எறிந்துவிடாமல், எந்த ஊர், எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இடம் தெரியாத புதைபடிவம் வெறும் கல்தான், இடமும் ஆழமும் தெரிந்தால்தான் அது சான்று. யாராவது விலை பேசினால் விற்க வேண்டாம். இரண்டாவது, ஆசிரியர்களுக்கு: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை வழுதாவூருக்கு அழைத்துப் போங்கள், சுத்தியல் வேண்டாம், கண் போதும். மூன்றாவது, வழுதாவூரில் ஓர் ஓடைக் கரையையாவது அளந்து வேலியிட்டு, அது என்ன என்று தமிழில் எழுதிய ஒரு பலகை வைக்கும்படி மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறோம். மனு மேசைமேல் இருக்கிறது. போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.